கருப்புக் கவர் நின்றுபோன ஞாயிறு

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது அதைக் கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருவன். சரியாகச் சொன்னால், கைதட்டச் சொல்லி உத்தரவு போட்டவனே நான்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை. கணக்கால் கெட்டுப்போன என் பெயரைக் கொஞ்சமாவது தூக்கி நிறுத்தட்டும் என்று பிளாஸ்டிக் ஒழிப்புப் பொறுப்பையும் தலைமையாசிரியர் என்னிடமே கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "தூக்கி எறியும் பைகளை இனிமேல் கையாலும் தொட மாட்டேன்" என்று நான் வரி வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். எனக்குக் கணீரென்ற குரல். வராண்டாவில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நின்று கேட்கும்.

முந்தின நாள் காலையில் அதே கையில் ஒரு கருப்புக் கவர் தொங்கியிருக்கும். உள்ளே அரைக் கிலோ மட்டன் இருக்கும்.

என் யோக்கியதையைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன்னால் என் வீட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடி போர்ஷன். அங்கே வருவதற்கு முந்தின மூன்று வருஷத்தில் நாலு வீடு மாறியிருந்தோம். அது ஐந்தாவது. முதல் வீட்டில் தண்ணீர் உப்பு. இரண்டாவதில் தண்ணீரே இல்லை. மூன்றாவதில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் கிரிவலம் வந்து எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டார்கள். நான்காவதை வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூமாகப் பிரித்து விடப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். ஐந்தாவது வீட்டில் குழாயைத் திறந்தால் இளநீர் மாதிரி தண்ணீர். என் மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இந்த வீட்டை விட்டு ஒருநாள் போகணும்னா, நீங்க மட்டும் போங்க. சாமானைக்கூட எடுத்துட்டுப் போங்க. நான் வர மாட்டேன்."

வாசல் கதவில் ஒரு போர்டு தொங்கியது. 'வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்.'

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை வேட்டி. "நீங்க சைவம்தானே சார்?" என்று கேட்டார். நாங்கள் பரம்பரையாக விவசாயக் குடும்பம். ஆட்டை வளர்த்ததும் உண்டு, அதோடு நிறுத்திக்கொண்டதில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். "என்ன சார், திருவண்ணாமலையில இருந்துக்கிட்டு, அதுவும் கிரிவலப் பாதைக்கு இவ்ளோ கிட்டக்க..." என்று இழுத்துவிட்டு மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன். மீதி வாக்கியத்தை அவரே மனதில் முடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் நடுவில் இருந்தது கருப்புக் கவர் ஒன்றுதான். நாலு தெரு தள்ளி இருக்கும் கறிக்கடை பாய் அந்த வேலையில் கெட்டிக்காரர். கறியை வெள்ளைக் கவரில் போட்டு முடிச்சு, அதைக் கருப்புக் கவரில் போட்டு இன்னொரு முடிச்சு. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே புத்தகமா, செருப்பா, வேறு வகைப் பாட்டிலா என்று ஆண்டவனுக்கே தெரியாது. சமைக்கும்போது வரும் வாசனைக்கு என் மனைவி ஒரு வழி வைத்திருந்தாள். குக்கரை ஏற்றுவதற்கு முன்னால் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள். மாடியிலிருந்து புகை இறங்கி வாசல் வரைக்கும் வரும். "ஞாயித்துக்கிழமை ஆனா என்னா பக்தி!" என்று வீட்டுக்காரர் தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

தடை வந்து வருஷக்கணக்கில் ஆகியும் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு அது வந்து சேரவில்லை. சென்னையிலிருந்து நடந்தே வந்திருந்தாலும் பத்து நாளில் வந்திருக்கலாம். நானும் கவலைப்படாமல் உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாரம் அதிகாரிகள் கடை கடையாக ஏறிக் கவர் கட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் கையை விரித்துவிட்டார்.

"கவர் இல்ல சார். பாத்திரம் கொண்டாந்தாதான் கறி."

"என்னா பாய், ஒண்ணே ஒண்ணு. உள்ள எங்கனா ஒளிச்சு வெச்சிருப்பீங்க."

"நீங்கதானே சார் ஸ்கூல்ல கவர் வாணாம்னு பசங்களுக்கு சொல்றீங்களாம்? என் அக்கா பையன் உங்க கிளாஸ்தான். நீங்களே கேட்டா எப்டி?"

கடைசியில் அவர் மனம் இரங்கி இலையில் கட்டித் தாளில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு தெரு தாண்டுவதற்குள் பையின் அடியில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. இரண்டாவது தெருவில் ஒரு நாய் சேர்ந்தது. வீடு வந்து சேரும்போது முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று பாதுகாப்போடு ஒரு மந்திரி மாதிரி வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நாய்ங்களுக்கு உங்க மேல இவ்ளோ பிரியம்?"

"பிஸ்கட் போட்டுப் பழக்கிட்டேங்க" என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நண்டு மாதிரி மாடி ஏறினேன்.

அடுத்த வாரம் மனைவி ஒரு எவர்சில்வர் தூக்கைக் கையில் கொடுத்தாள். மூடி இறுக்கமாக இருக்கும், சொட்டாது, நாய்க்கும் தெரியாது. ஆனால் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. தூக்கைப் பார்த்ததும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். அவருக்குப் பிளாஸ்டிக் என்றால் ஆகாது. கறிவேப்பிலை வாங்கக்கூடத் துணிப்பையோடு போவார். அவர் என்னை மாதிரி மைக்கில் சொல்கிறவர் இல்லை, செய்கிறவர்.

"தூக்கு எடுத்துக்கிட்டு எங்க சார் கிளம்பிட்டீங்க?"

இங்கேயும் பாதி வாக்கியத்தில் விட்டிருக்கலாம். அவசரத்தில் முழுசாகச் சொல்லித் தொலைத்தேன். "இட்லி மாவு வாங்கங்க."

"பாருங்க! எல்லாரும் பாக்கெட் மாவு வாங்கி அந்தக் கவரைச் சாக்கடையில போடுறான். சார் தூக்கு எடுத்துட்டுப் போறார்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வெளியே வந்தார்கள். நான் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுக் கிரைண்டரில் கல் தேய்ந்து, புதுக் கல் வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தானாம்.

"அப்டின்னா எங்களுக்கும் ஒரு லிட்டர் வாங்கிட்டு வந்துடுங்க சார். தொந்தரவு இல்லியே?"

"இதுல என்னம்மா தொந்தரவு" என்றேன். இந்த வாக்கியத்தை மட்டும் நான் என்றைக்குமே பாதியில் நிறுத்தியதில்லை.

அவர்கள் கொடுத்த தூக்கும் எங்களுடைய தூக்கும் அளவில், உயரத்தில், கைப்பிடியில் ஒன்றுபோலவே இருந்தன. மாடியில் மனைவி என்னை நிற்க வைத்துப் பாடம் எடுத்தாள். "நம்மளது இடது கை. அவங்களுது வலது கை. எங்க, சொல்லுங்க." சொன்னேன். "இன்னொரு தடவை." பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்லும் பிள்ளைகளின் கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று வாரம் தப்பில்லாமல் போனது. இடது கையில் கறி, வலது கையில் மாவு. தராசு மாதிரி நேராக நடந்து வருவேன்.

நாலாவது வாரம் பாய் கடையில் கூட்டம் ஜாஸ்தி. இரண்டு தூக்கையும் பலகை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போது ஒருவர் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து, "பாய், ஒரு கிலோ, கவர்ல போடு" என்றார். பாய் என்னைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் பேசாமல் நின்றிருப்பார்கள். எனக்குள் இருந்த மைக் விழித்துக்கொண்டது.

"ஏங்க, கடைக்கு வரும்போது ஒரு பாத்திரம் எடுத்துட்டு வரக் கூடாதா? கவரை மாடு தின்னுட்டுச் சாவுது. அடி அண்ணாமலை வரைக்கும் ரோட்டோரம் பாருங்க, எவ்ளோ கவர்! மழை பெஞ்சா தண்ணி எங்க இறங்கும்?"

"ஆமாங்க" என்றார் அவர் பாவமாக.

"ஆமாங்கன்னா போதுமா? என்னைப் பாருங்க!" என்று தூக்கைக் காட்டத் திரும்பினேன். பலகை மேல் இருந்த ஒரு தூக்கில் கறியைப் போட்டு, அழகாக மூடியை அழுத்திக்கொண்டிருந்தார் பாய்.

வலது கைத் தூக்கு.

"பாய்! அது இல்ல!"

"எது சார் இல்ல? தொடைக்கறிதானே கேட்டீங்க?"

"கறி இல்ல பாய், தூக்கு! தூக்கு மாறிப்போச்சு!"

விஷயத்தைக் காதோடு சொன்னேன். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே கறியை எங்கள் தூக்குக்கு மாற்றி, அம்மாவின் தூக்கைத் தண்ணீரில் அலசினார். "வீட்டுக்குப் போயி வெந்நி ஊத்தி நாலு வாட்டி கழுவிடுங்க சார். யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியப்போவதில்லைதான். மூன்று வருஷமாக எனக்கு இருந்த ஒரே கொள்கையும் அதுதான். ஆனால் அந்தத் தூக்கைக் கையில் வாங்கியபோது என்னால் முடியவில்லை. என் வீட்டில் நான் எதைத் தின்றாலும் அது என் வயிறு. அந்தத் தூக்கு நாளைக்கு அவர்கள் அடுப்படியில், சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் போய் உட்காரும். எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருப்பது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யும் என்பது, அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தவுடன் அதை ஏமாற்ற ஒரு வழியும் தோன்றியது. அதேபோல் ஒரு புதுத் தூக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று!

தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். அளவு பார்க்க அம்மாவின் தூக்கைக் கொடுத்தேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் வெட்டியிருக்கே, அதேமாதிரி வெட்டணுமா?" என்றார். அதுவரைக்கும் நான் அதைக் கவனிக்கவே இல்லை. விளிம்புக்குக் கீழே உளியால் கொத்திய எழுத்துகள். ஒரு ஆணின் பெயர், ஊர் பெயர், கடைசியில் 'மகளுக்கு' என்று ஒரு சொல். அம்மாவின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்ப் பாத்திரம் அது. எழுத்துகள் கோணல்மாணலாக மேலும் கீழும் ஏறி இறங்கியிருந்தன.

"ஆமாங்க. அப்படியே வெட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் மிஷினை எடுத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். "பொண்ணுக்குச் சீரா? கல்யாணம் எப்ப?"

"ஆயிடுச்சுங்க."

"எப்ப ஆச்சு?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான் பாத்திரம் கொடுக்க மனசு வந்துச்சா?"

புதுத் தூக்கில் மாவு வாங்கிக்கொண்டேன். ஒரு கையில் மாவு, ஒரு கையில் கறி, பழைய தூக்கு முழங்கையில். அதற்கு மேல் மாட்ட உடம்பில் இடமில்லை. வாசலில் வீட்டுக்காரர் இல்லை. அம்மா மட்டும் கோலத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். புதுத் தூக்கை நீட்டினேன். வாங்கினார்கள். ஒரு நொடிதான்.

"இது என்னுது இல்லியே சார்."

"உங்களுதுதாம்மா. பாருங்க, பேருகூட..."

"அதான் சொல்றேன். எங்கப்பா பேரு இவ்ளோ அழகா இருக்காது." கோணல் எழுத்தை அவர்கள் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்கள். "எங்க ஊர்ல பாத்திரத்துக்குப் பேரு வெட்டறவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எங்கப்பா பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு எழுத்தா சொல்லிச் சொல்லி வெட்ட வெச்சார். என்னுது எங்க?"

முழங்கையைக் காட்டினேன். அவர்கள் கை நீட்டினார்கள். நான் கொடுக்கவில்லை.

"வேணாம்மா. தொடாதீங்க. அதுல... தெரியாம மாறிப்போயி..." வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை அதை முடித்துக்கொடுக்க யாரும் வரவில்லை. நானே முடித்தேன். "மட்டன் போட்டுட்டாங்கம்மா."

அம்மா கத்தவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்கள். "எனக்கு மூக்கு இருக்கு சார். மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை என்ன நடக்குதுன்னு தெரியும். உங்க சாம்பிராணியால எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். அவருக்குத்தான் ஒரு காய்ச்சல் வந்ததுல இருந்து வாசனையே தெரியறதில்ல. நல்ல மனுஷங்க, வீட்டைச் சுத்தமா வெச்சிருக்காங்கன்னு நானும் பேசாம இருந்தேன். ஆனா இது..." தூக்கைப் பார்த்தார்கள். "உள்ள எடுத்துட்டுப் போகவும் முடியாது. தூக்கிப் போடவும் முடியாது. என்ன பண்ணச் சொல்றீங்க?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வகுப்பில் நான் பிள்ளைகளை நிற்க வைக்கிற மாதிரியேதான்.

அம்மா மெதுவாகச் சொன்னார்கள்: "நானா போய் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். பார்த்துக்குங்க."

அவர் அப்போதே கேட்டுவிட்டார். உள்ளிருந்து வந்தவர் என்னைப் பார்த்து, "என்ன சார் இன்னிக்கு மூணு தூக்கு? கடையே வெக்கப்போறீங்களா?" என்றார்.

மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். அவள் முகத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இளநீர்த் தண்ணீர்தான். ஒரு பொய் சொன்னால் வீடு நிலைக்கும். ஆனால் பக்கத்தில் அம்மா தன் அப்பா பெயர் வெட்டிய தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுல மாவுங்க. ஒண்ணுல மட்டன். இன்னொண்ணுல மட்டன் இருந்துச்சுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க தமாஷுக்கு அளவே இல்ல சார்! கேட்டியா? மட்டனாம்!"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு உண்மை சொன்னேன், அது நகைச்சுவையாகப் போயிற்று. அந்தக் கணம் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு மாடி ஏறியிருக்கலாம். என் ஒரு கால் படியில் ஏறியும் விட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"அவர் நிஜமாத்தான் சொல்றார்" என்றார்கள்.

சிரிப்பு நின்றது. திகைத்துப்போன மனிதர் என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். முழு விவரத்தையும் நானே சொன்னேன். மூன்று வருஷம், சாம்பிராணி, நாய், கோணல் எழுத்து எல்லாவற்றையும். கடைசியில் வீட்டுக்காரர் கேட்டார்:

"கவர்ல வாங்குறதில்லையே?"

"இப்ப இல்லீங்க. தூக்குலதான்."

"அது சரி" என்றார். தன்னையறியாமல் பாராட்டிவிட்டோமே என்று உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். அம்மாவிடம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றார்.

"பொய் சொல்லியிருந்தா இன்னிக்கே போகச் சொல்லியிருப்பேன்" என்றார்கள் அம்மா. பழைய தூக்கை என் கையிலிருந்து ஒரு துணியால் பிடித்து வாங்கி, வாசல் குழாயடியில் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். "செடிக்குத் தண்ணி ஊத்திக்கறேன். எங்கப்பாவுக்கும் தோட்டம்னா உசுரு."

தீர்ப்பு மத்தியானம் வந்தது. வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஆனால் கூரைக்குக் கீழே கறி வேகக் கூடாது. வேண்டுமானால் மொட்டை மாடியில் ஒரு சின்ன அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ளலாம். "ஆனா மலையைப் பார்த்து உக்காந்து சமைக்காதீங்க சார், நல்லா இருக்காது" என்றார் வீட்டுக்காரர். நான் சரி என்று தலையாட்டும்போதே அவருக்கு இன்னொன்று தோன்றியது. "மலைக்கு முதுகைக் காட்டியும் உக்காராதீங்க."

அடுத்த ஞாயிறு பத்து மணி வெயிலில், திறந்த மொட்டை மாடியில், எதிர்வீடு, பக்கத்து வீடு, பின்வீடு எல்லோரும் பார்க்க எங்கள் குழம்பு கொதித்தது. இரண்டு தெருவுக்கு வாசனை போனது. "வாத்தியார் வீட்டுல இன்னைக்குக் கறியா?" என்று ஒருவர் கீழேயிருந்தே குரல் கொடுத்தார். மனைவி ஒரு கையால் குழம்புக்குக் குடை பிடித்து, மறுகையால் கிண்டினாள். நான் மலையைப் பார்க்காமலும், அதற்கு முதுகைக் காட்டாமலும், பக்கவாட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

"இந்தப் பக்கம் திரும்புங்க, உப்பு பாருங்க" என்றாள் மனைவி.

"திரும்பக் கூடாதும்மா. காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

"அப்ப வாயை மட்டும் திருப்புங்க" என்று கரண்டியை நீட்டினாள்.